ஃபெஞ்சல் ராத்திரியில் ரூபா எங்கே இருந்தார்?

2024 நவம்பர் 30 ராத்திரியை நம்ம பக்கத்து ஆட்கள் யாரும் அவ்வளவு சுலபமாக மறக்க மாட்டோம். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்த ராத்திரி அது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை. புதுச்சேரியில் 48 செ.மீ.க்கு மேல். பெருமுக்கல், மரக்காணம், திண்டிவனம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளக்காடு. மணிக்கு 70, 80 கி.மீ. வேகக் காற்றுக்கே நாம் கதவைச் சாத்திக்கொண்டு விடியட்டும் என்று உட்கார்ந்திருந்தோம்.

அதே ராத்திரி புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண் ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேன்டில் துறைமுகத்தை விட்டுக் கிளம்பி ஆறு நாள் ஆகியிருந்தது. அடுத்த ஊர் நியூசிலாந்து. போய்ச்சேர இன்னும் மூன்று வாரம். 17 மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகு, அதில் அவரோடு இன்னும் ஒரே ஒரு பெண். அவ்வளவுதான்.

அவர் பெயர் லெப்டினென்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி. கூட இருந்தவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினென்ட் கமாண்டர் தில்னா. இருவரும் இந்தியக் கடற்படை அதிகாரிகள். 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் கிளம்பி, உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி, 2025 மே 29 அன்று கோவாவுக்கே திரும்பி வந்தார்கள். 238 நாள். 25,000 கடல் மைலுக்கு மேல். நம் கணக்கில் சுமார் 47,000 கி.மீ. இரண்டே பேராகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றிவந்த முதல் இந்தியப் பெண்கள் இவர்கள்தான்.

செய்தி வந்தபோது நிறையப் பேர் வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள். 'சூப்பர்' என்று கட்டைவிரல் போட்டுவிட்டு அடுத்த மெசேஜுக்குப் போயிருப்போம். எனக்கு அதற்குப் பிறகுதான் கேள்விகள் வந்தன. மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம் சொச்சத்தில் வரும் புதுச்சேரியிலிருந்து ஒருவர் இவ்வளவு தூரம் எப்படிப் போனார்? யார் படகு கொடுத்தது? யார் சொல்லிக்கொடுத்தது?

ஆயுதம் பார்க்க வந்தவர்

ரூபாவின் அப்பா விமானப்படையில் இருந்தவர். அம்மா இல்லத்தரசி. அப்பா பக்கம் தமிழ்நாடு, அம்மா பக்கம் புதுச்சேரி. ரூபா 2017-ல் கடற்படையில் சேர்ந்தபோது கிடைத்த பிரிவு, ஆயுத ஆய்வு. கப்பல்களுக்குப் போகும் ஆயுதங்கள், வெடிபொருட்கள் சரியாக இருக்கின்றனவா என்று சோதிக்கும் வேலை. அந்த வேலைக்கும் பாய்மரத்துக்கும் நேரடியாக எந்தச் சம்பந்தமும் கிடையாது. தில்னா 2014-ல் சேர்ந்தவர், கடற்படைக்கு வேண்டிய பொருட்களை ஏற்பாடு செய்யும் தளவாடப் பிரிவு. அவர் அப்பா ராணுவத்தில் இருந்தவர்.

பாய்மரம் இவர்களுக்குக் கூடுதல் வேலை. விருப்பம் சொன்னவர்களில் வடிகட்டி வடிகட்டித் தேர்ந்தெடுத்து, மூன்று வருடம் பழக்கினார்கள். உலகப் பயணத்துக்கு முன்பாகவே 38,000 கடல் மைல் பயணம் செய்திருந்தார்கள் என்று கடற்படை சொல்கிறது. உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றும் தூரத்தைவிட ஒன்றரை மடங்கு. செய்தியில் நமக்கு 238 நாள் மட்டும் தெரிகிறது. இந்த மூன்று வருடம் தெரிவதில்லை.

அதில் ஒரு பந்தயமும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ வரை, அட்லாண்டிக் பெருங்கடலைக் குறுக்கே கடக்கும் பந்தயம் 1971-லிருந்து நடக்கிறது. 2023 ஜனவரியில் நடந்ததில் நம் கடற்படைப் படகு 'தாரிணி' ஆறு பேரோடு கலந்துகொண்டது. அந்த ஆறில் பெண்கள் இரண்டு பேர், ரூபாவும் தில்னாவும். பந்தயத்துக்காகக் கோவாவிலிருந்து படகிலேயே போய், பந்தயம் முடிந்து படகிலேயே திரும்பினார்கள். 188 நாள், 17,000 கடல் மைல். பந்தயத்துக்கு ரயிலேறிப் போகிற மாதிரி இல்லை இது. மைதானத்துக்குப் போவதே ஒரு பந்தயம்.

அடுத்து ஆட்களைக் குறைத்தார்கள். இரண்டே பேராக கோவாவிலிருந்து போர்ட் பிளேர் போய்த் திரும்பினார்கள். 2024 பிப்ரவரி கடைசியில் கிளம்பி மொரீஷியஸ் போய், ஏப்ரலில் திரும்பினார்கள், அதுவும் இரண்டே பேர்.

இதற்கிடையில் ஒரு விஷயம் நடந்தது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது அதுதான். 2023-ல் கடற்படை சொன்ன திட்டப்படி, இந்த இருவரில் ஒருவரைத்தான் தேர்ந்தெடுத்துத் தனியாக உலகம் சுற்ற அனுப்புவதாக இருந்தது. அதாவது ஒரே படகில் மாதக்கணக்கில் இருந்துகொண்டு, ஒரே இடத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர்கள். அலுவலகத்தில் ஒரு பிரமோஷனுக்கு இரண்டு பேர் நின்றால் டீ குடிக்கக்கூட சேர்ந்து போக மாட்டோம். பிறகு திட்டம் மாறி, இரண்டு பேரும் போகலாம் என்று ஆனது. ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் கையில் அவருடைய உயிர். ஒருவர் பாயை இறக்கப் படகின் முன்பக்கம் போனால், சுக்கானைப் பார்த்துக்கொள்ள மற்றவர் மட்டும்தான். சண்டை போட்டுக்கொண்டு பக்கத்து அறைக்குப் போக அங்கே அறை கிடையாது.

குரு யார் தெரியுமா?

இவர்களைப் பழக்கியவர் அபிலாஷ் டோமி. கேரளாக்காரர், கடற்படையில் கமாண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடல் படகுப் பந்தயம் என்றால் இந்தியாவில் முதலில் சொல்ல வேண்டிய பெயர். 2012 நவம்பரில் மும்பையில் கிளம்பி, எங்கேயும் நிற்காமல் தன்னந்தனியாக உலகைச் சுற்றி 2013-ல் திரும்பிய முதல் இந்தியர் அவர். அவருக்கு முன்னால் 2009-10-ல் திலீப் டோண்டே தனியாகச் சுற்றியிருந்தார், ஆனால் துறைமுகங்களில் நின்று நின்று.

2018-ல் டோமி 'கோல்டன் குளோப்' பந்தயத்தில் இறங்கினார். அதன் விதிகள் விசித்திரமானவை. தனி ஆள், உலகம் முழுக்க, எங்கேயும் நிற்கக் கூடாது. ஜி.பி.எஸ். பார்த்து வழி தேடக் கூடாது. 1968-ல் என்னென்ன கருவிகள் இருந்தனவோ அவற்றை வைத்துக்கொண்டு, காகித வரைபடத்தையும் சூரியனையும் நட்சத்திரத்தையும் பார்த்துத்தான் போக வேண்டும். 1968 ஏன்? முதல் கோல்டன் குளோப் பந்தயம் தொடங்கிய வருடம் அது. அதை முடித்த ஒரே ஆள் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். 1969-ல் 312 நாளில் முடித்தார். அவருடைய 'சுஹைலி' என்ற தேக்குப் படகு கட்டப்பட்டது நம் மும்பையில். இங்கிலாந்துக்காரர் சாதனை என்று படிக்கிறோம். படகு நம் தச்சர்கள் செய்தது.

2018 செப்டம்பரில் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் டோமியின் படகு புயலில் சிக்கியது. படகு கவிழ்ந்து பாய்மரம் முறிந்தது, டோமியின் முதுகெலும்பு உடைந்தது. அசைய முடியாமல் படுத்தபடியே கையிலிருந்த கருவியில் செய்தி அனுப்பினார். பக்கத்தில் கரை என்று எதுவும் இல்லை. மூன்று நாள் கழித்து ஒரு பிரெஞ்சு மீன்வள ரோந்துக் கப்பல் வந்து அவரைத் தூக்கியது. முதுகில் டைட்டானியம் கம்பி வைத்துத் தைத்தார்கள்.

நாமாக இருந்தால் கடற்கரைப் பக்கமே போயிருக்க மாட்டோம். டோமி 2022 செப்டம்பரில் அதே பந்தயத்தில் மறுபடி நின்றார். 16 பேர் கிளம்பினார்கள். நிற்காமல் முழுச் சுற்றை முடித்தவர்கள் மூன்றே பேர். டோமி 236 நாளில் இரண்டாவதாக வந்தார். முதலிடம் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நோய்ஷாஃபர் என்ற பெண்ணுக்கு. இப்படி உலகம் சுற்றும் பந்தயத்தில் ஒரு பெண் ஜெயிப்பது அதுதான் முதல் தடவை.

முதுகு உடைந்து திரும்பிவந்த ஒருவரிடம்தான் ரூபாவும் தில்னாவும் கற்றார்கள். எது தப்பாகப் போகும் என்பதைப் புத்தகத்தில் படிக்காமல், அனுபவித்தவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வாய்ப்பு.

பொங்கலன்று பசிபிக்கில்

பாய்மரத்தில் உலகம் சுற்றியதாக ஏற்றுக்கொள்ளச் சில நிபந்தனைகள் உண்டு. கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டும். பூமத்திய ரேகையை இரண்டு தடவையாவது கடக்க வேண்டும். எல்லாத் தீர்க்க ரேகைகளையும் தாண்ட வேண்டும். சூயஸ், பனாமா போன்ற கால்வாய்களில் குறுக்குவழி போகக் கூடாது. இன்ஜினைப் போட்டு ஓட்டக் கூடாது, காற்றுதான் தள்ள வேண்டும். காற்றே இல்லாத நாளில் என்ன செய்வது? ஒன்றும் செய்ய முடியாது. பாயை இறக்கிவிட்டு, கடல் இழுத்த இழுப்புக்கு மிதந்துகொண்டிருக்க வேண்டியதுதான். புயலைவிட இதுதான் பொறுமையைச் சோதிக்கும் என்று நினைக்கிறேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரம் பஸ் வரவில்லை என்றாலே நமக்கு எப்படி இருக்கிறது!

நம் காலண்டரோடு வைத்துப் பார்த்தால் இவர்கள் பயணம் இன்னும் நன்றாகப் புரியும். 2024 தீபாவளி அக்டோபர் 31. அப்போது கோவாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவே இந்தியப் பெருங்கடலில் இருந்தார்கள். நவம்பர் 9-ல் ஃப்ரீமேன்டில். ஃபெஞ்சல் சமயம் மறுபடி கடலில். கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பு நியூசிலாந்தின் லிட்டெல்டன். 2025 ஜனவரி 4-ல் அங்கிருந்து கிளம்பினார்கள். நாம் பொங்கல் பானை வைத்த ஜனவரி 14 அன்று பசிபிக் பெருங்கடலில்.

அந்தப் பசிபிக் கட்டம்தான் பயணத்தின் கடினமான பகுதி. தென்துருவத்தைச் சுற்றியுள்ள கடலில் காற்றைத் தடுக்க நிலமே கிடையாது. மேற்கிலிருந்து வீசும் காற்று உலகத்தையே சுற்றி ஓடிக்கொண்டிருக்கும். தெற்கே போகப் போக அதன் சத்தத்துக்கு மாலுமிகள் வைத்திருக்கும் பெயர்கள்: 40-வது அட்சரேகையில் உறுமும் காற்று, 50-ல் சீறும் காற்று, 60-ல் அலறும் காற்று. குளிரும் சேர்ந்துகொள்ளும். ஆறேழு உடுப்பை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டதையும், விறைத்த கையைச் சில நேரம் கேஸ் அடுப்பில் காட்டிச் சூடாக்கிக்கொண்டதையும் இருவரும் 2025 செப்டம்பரில் பிரதமரின் 'மனதின் குரல்' வானொலி நிகழ்ச்சியில் பேசியபோது சொன்னார்கள். அவ்வளவு உடுப்போடு, ஆடுகிற படகில், கயிற்றை முடிச்சுப் போட வேண்டும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஜனவரி 30-ல் 'நீமோ முனை'யைத் தாண்டினார்கள். முனை என்றவுடன் நிலம் என்று நினைத்துவிடாதீர்கள். உலகத்திலேயே எந்தக் கரையிலிருந்தும் மிகத் தொலைவாக இருக்கும் கடற்புள்ளி அது. எந்தப் பக்கம் போனாலும் அருகிலுள்ள தீவே சுமார் 2,688 கி.மீ. சென்னையிலிருந்து டெல்லி ரயில் தூரம் சுமார் 2,200 கி.மீ. டெல்லி வரை போயும் கரை வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்வதேச விண்வெளி நிலையம் நம் தலைக்கு மேல் 400 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. அது மேலே கடக்கும் நேரத்தில், நீமோவில் இருப்பவருக்கு மிக அருகிலுள்ள மனிதர்கள் விண்வெளி வீரர்கள்தான்! ஆள் நடமாட்டமே இல்லாததால், ஆயுள் முடிந்த விண்கலங்களை இந்தக் கடற்பகுதியில்தான் விழவைப்பார்கள்.

அந்த இடத்திலும் இவர்கள் சும்மா கடந்து போகவில்லை. கோவாவில் உள்ள தேசியக் கடலியல் ஆய்வு நிறுவனத்துக்காகக் கடல்நீர் மாதிரிகளை எடுத்துவைத்தார்கள். யாரும் போகாத இடத்து நீரை ஆராய்ச்சிக்கு எடுக்க, போகிறவர்களிடம்தானே சொல்ல முடியும்.

பிப்ரவரி 15-ல் ஹார்ன் முனை. இது நிஜமான நிலம், தென்னமெரிக்காவின் தென்கோடி. அதற்கும் அன்டார்க்டிகாவுக்கும் நடுவே சுமார் 800 கி.மீ. அகலச் சந்து. பசிபிக் முழுக்கத் தடையில்லாமல் ஓடிவந்த காற்றும் அலையும் அந்தச் சந்துக்குள் நெருக்கியடித்துப் புகும். இவர்கள் கடந்தபோது 40 நாட் காற்று, ஐந்து மீட்டருக்கு மேல் அலை. 40 நாட் என்றால் மணிக்கு சுமார் 75 கி.மீ. ஃபெஞ்சல் கரையைக் கடந்த வேகம் ஏறக்குறைய அதுதான். நாம் வீட்டுக்குள் இருந்தோம்.

பிறகு ஃபாக்லாந்து தீவு, அட்லாண்டிக், கேப் டவுன், ஏப்ரல் 15-ல் அங்கிருந்து கிளம்பி நேராக கோவா. மே 29-ல் மர்மகோவா துறைமுகத்தில் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் வரவேற்றார்.

இவர்களுக்கு முன்னோடிகளும் உண்டு. இதே தாரிணியில் 2017-18-ல் வர்த்திகா ஜோஷி தலைமையில் ஆறு பெண் அதிகாரிகள் 254 நாளில் உலகம் சுற்றினார்கள். ஆறு பேர் செய்ததை இரண்டு பேர் செய்வதற்கு ஏழு வருடம். தாரிணியும் வெளிநாட்டிலிருந்து வாங்கியது இல்லை, கோவாவில் கட்டியது.

படகு யாருடையது?

ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். கடல் பாய்மரப் பந்தயம் பணக்கார விளையாட்டு. ஐரோப்பாவில் பெரிய கம்பெனிகள் படகின் பாயில் தங்கள் பெயரை எழுதிக் காசு கொடுக்கின்றன. அப்படியும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. டிரேசி எட்வர்ட்ஸ் என்ற இங்கிலாந்துப் பெண், முழுக்கப் பெண்களே ஓட்டும் படகை 1989-ல் நடந்த உலகப் பந்தயத்தில் இறக்க நினைத்தபோது காசு தர ஆளில்லை. வீட்டை அடமானம் வைத்துப் பழைய படகு வாங்கினார். அந்தப் படகு இரண்டு கட்டங்களில் ஜெயித்தது.

விமானப்படை ஊழியர் வீட்டுப் பெண்ணும் ராணுவ வீரர் வீட்டுப் பெண்ணும் அடமானம் வைக்க எதைத் தேடுவார்கள்? இவர்களுக்குப் படகு கொடுத்தது அரசு வேலை. சம்பளமும் வந்தது, பயிற்சியும் வந்தது. 'கவர்ன்மென்ட் உத்தியோகம்' என்றால் மேசை, நாற்காலி, ஃபைல் என்று நம் வீடுகளில் இன்னும் நினைக்கிறோம். ஃபைலுக்குப் பதில் ஹார்ன் முனையும் வரலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரை மீனவர் குப்பங்கள். பாய் கட்டியும் கட்டுமரத்திலும் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கும் கரை. இரட்டை உடல் படகுகளை உலகம் இன்று 'கேட்டமரான்' என்கிறது. அது நம் கட்டுமரம் என்ற சொல்லே. ஆனால் அந்தக் கரையில் மீனை ஏலம் எடுப்பதும் கூடையில் சுமந்து விற்பதும் பெண்கள், படகேறுவது ஆண்கள். 2004 சுனாமிக்குப் பிறகு பல வீடுகளில் பிள்ளைகளைக் கடல் பக்கம் விடவே பயம். அந்தப் பயத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நீச்சல்கூடக் கற்றுத்தராமல் கடலோரத்தில் வளர்க்கும்போது பயம் குறைவதில்லை, ஆபத்துதான் கூடுகிறது. இதை என் கருத்தாகவே எழுதுகிறேன். மாற்றுக்கருத்து இருந்தால் கமென்ட்டில் சொல்லுங்கள்.

ரூபாவைப் பார்த்து 'எங்க பொண்ணும் போகணும்' என்று கேட்கும் வீட்டுக்குச் சில தகவல்கள். புதுச்சேரியில் என்.சி.சி. கடற்படைப் பிரிவு இருக்கிறது. அதன் மாணவ மாணவியர் பாய்மரப் படகில் காரைக்கால் வரை கடல் பயணம் போய்வருகிறார்கள். சென்னையில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-லிருந்து இருக்கிறது. சென்னைப் பெண் நேத்ரா குமணன் பாய்மரப் படகில் டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டார். வேலூர்க்காரர் விஷ்ணு சரவணனும் அப்படியே. அது கரையோரத்தில் சின்னப் படகில் நடக்கும் வேறு வகைப் போட்டி. ஆனால் காற்றைப் படிக்கும் பாடம் இரண்டுக்கும் ஒன்று. கடற்படையில் அதிகாரியாகச் சேர ஏழிமலையில் உள்ள இந்தியக் கடற்படை அகாடமியில் பயிற்சி. பட்டதாரிப் பெண்களுக்கும் பல பிரிவுகளில் நுழைவு உண்டு. 2022-லிருந்து அக்னிவீர் திட்டத்தில் மாலுமியாகவும் பெண்கள் சேர்கிறார்கள்.

தனியாக உலகம் சுற்றும் அந்த முதல் திட்டம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். போலந்துப் பெண் ஒருவர் 1978-லேயே தனியாகச் சுற்றிவிட்டார். ஆஸ்திரேலியாவின் கே காட்டீ 1988-ல் எங்கேயும் நிற்காமல் சுற்றினார். இந்தியப் பெண்கள் வரிசையில் அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது.